ரிவர்ஸ் பிராக்ஸிக்குப் பின்னால் டீபக்கர்: இணைப்பு எங்கே அறுகிறது?

நோட்.ஜேஎஸ் செயலி ஒன்று சர்வரில் ஓடுகிறது. அதன் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற ரிவர்ஸ் பிராக்ஸி நிற்கிறது. தளம் பிரவுசரில் ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் ஒரு வழு அந்த சர்வரில் மட்டும் வருகிறது; நம் கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் தலைகாட்டுவதில்லை. சரி, சர்வரிலேயே டீபக்கரை (நிரலை நடுவில் நிறுத்தி ஆராயும் கருவியை) மாட்டிப் பார்ப்போம் என்று இறங்கினால் அங்கே வேறொரு தலைவலி. டீபக்கர் இணைய மறுக்கிறது. அல்லது இணைந்து ஒரு நிமிடத்தில் அறுந்து போகிறது. அல்லது இணைந்தே இருக்கிறது, ஆனால் பிரேக்பாயிண்ட் வைத்த வரியில் நிரல் நிற்பதே இல்லை.

புதிதாக வருபவர்கள் இந்த மூன்றையும் "டீபக்கர் வேலை செய்யவில்லை" என்று ஒன்றாகவே சொல்வார்கள். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. எங்கிருந்தோ எடுத்த பத்து வரி அமைப்பை அப்படியே ஒட்டினால் ஒன்று சரியாகும், இன்னொன்று கெடும். அதனால் அமைப்பைத் தொடுவதற்கு முன், பிராக்ஸி என்ன செய்கிறது, டீபக்கர் என்ன எதிர்பார்க்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

ரிவர்ஸ் பிராக்ஸியின் வேலை எளியது. வெளியிலிருந்து வரும் கோரிக்கையைத் தான் வாங்கி, பின்னால் இருக்கும் செயலிக்குப் புதிதாக ஒரு கோரிக்கையை அனுப்பி, வரும் பதிலைத் திருப்பித் தரும். பிரவுசருக்கும் செயலிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இரண்டு தனித்தனி இணைப்புகள், நடுவில் பிராக்ஸி. இந்த ஏற்பாடு மூன்று ஊகங்களின் மேல் நிற்கிறது. பேச்சு எச்டிடிபியில் நடக்கும். கேட்டால் சீக்கிரம் பதில் வரும். பின்னால் நான்கு சர்வர்கள் இருந்தால் எதற்கு அனுப்பினாலும் ஒன்றுதான்.

டீபக்கர் இந்த மூன்றையுமே மீறுகிறது. அதன் இணைப்பு மணிக்கணக்கில் திறந்திருக்கும். பெரும்பாலான நேரம் அதில் ஒரு பைட்டும் நகராது, ஏனென்றால் நாம் நின்ற வரியைப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்போம். அதற்கு "ஏதோ ஒரு சர்வர்" போதாது. குறிப்பிட்ட அந்த ஒரு பிராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிரல்தான் வேண்டும். சில டீபக்கர்கள் எச்டிடிபியே பேசுவதில்லை. மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் இந்த மோதலிலிருந்துதான் வருகின்றன.

முதல் கேள்வி: யார் யாரை அழைக்கிறார்கள்?

எதையும் சோதிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோட்.ஜேஎஸின் டீபக்கரான இன்ஸ்பெக்டர் ஒரு போர்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கும்; இயல்பாக 9229. நம் கணினியில் இருக்கும் குரோம் டெவ்டூல்ஸோ விஎஸ் கோடோ அந்தப் போர்ட்டை அழைக்க வேண்டும். பைத்தானின் டீபக்பை, ஜாவாவின் டீபக்கர் இரண்டும் பொதுவாக இதே திசைதான். பிஎச்பியின் எக்ஸ்டீபக் நேர் எதிர். அங்கே நம் கணினியில் இருக்கும் எடிட்டர் காத்திருக்கும். சர்வரில் ஓடும் பிஎச்பி வெளியே வந்து நம்மை அழைக்கும். திசையைத் தவறாக நினைத்துக்கொண்டு சர்வரின் ஃபயர்வாலில் போர்ட்டைத் திறந்துகொண்டே இருந்தால் எக்ஸ்டீபக் ஒரு நாளும் இணையாது.

இங்கே நோட்.ஜேஎஸ், என்ஜின்எக்ஸ் இரண்டையும் வைத்து விரிவாகப் பார்ப்போம். எக்ஸ்டீபக் பின்னால் வரும்.

உள்ளிருந்து வெளியே வாருங்கள்

வழக்கமாக எல்லாரும் வெளியிலிருந்து தொடங்குகிறார்கள். பிரவுசரில் முகவரியைப் போடுவது, வராவிட்டால் என்ஜின்எக்ஸ் அமைப்பைத் திருத்துவது, மறுபடி போடுவது. நடுவில் நான்கு கண்ணிகள் இருக்கும்போது எது அறுந்தது என்று இதில் தெரியவே தெரியாது. சர்வருக்குள்ளே புகுந்து, செயலியின் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கண்ணியாக வெளியே வருவதுதான் நிச்சயமான வழி.

செயலியை இன்ஸ்பெக்ட் விருப்பத்தோடு தொடங்கியபின், அதே சர்வரில், கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியைக் கொண்டு 127.0.0.1:9229 முகவரியில் (127.0.0.1 என்றால் அதே கணினி) "ஜேசன்/லிஸ்ட்" என்ற பாதையைக் கேளுங்கள். ஒரு சிறு ஜேசன் பதில் வர வேண்டும். அதில் வெப்சாக்கெட் முகவரி ஒன்றும், அதன் கடைசியில் நீளமான ஓர் அடையாள எண்ணும் இருக்கும். இந்தப் பதில் வராவிட்டால் என்ஜின்எக்ஸைத் தொட வேண்டியதே இல்லை. டீபக்கர் ஓடவில்லை அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது.

செயலி டாக்கர் கன்டெய்னரில் (செயலியைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டியில்) இருந்தால் இங்கேயே ஒரு பொறி உண்டு. நோட்.ஜேஎஸ் இயல்பாக 127.0.0.1 முகவரியில் மட்டுமே காத்திருக்கும். கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். போர்ட்டை வெளியே பப்ளிஷ் செய்திருந்தாலும் வெளியிலிருந்து கேட்டால் இணைப்பு முறிந்ததாகவே பிழை வரும். கன்டெய்னருக்குள் 0.0.0.0 என்று மாற்றத்தான் வேண்டும். ஆனால் அப்படி மாற்றும்போது, பப்ளிஷ் செய்யும் இடத்தில் 127.0.0.1:9229:9229 என்று முழுமையாக எழுதுங்கள். வெறும் 9229:9229 என்று எழுதினால் டாக்கர் அந்தப் போர்ட்டை சர்வரின் எல்லா முகவரிகளிலும் திறந்துவிடும். அது எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உள்ளே பதில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கண்ணி பிராக்ஸி.

வெப்சாக்கெட் ஏன் வழியில் தொலைகிறது?

டெவ்டூல்ஸ் நோட்.ஜேஎஸோடு வெப்சாக்கெட்டில் பேசுகிறது. வெப்சாக்கெட் 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 ஆகத் தரப்படுத்தப்பட்டது. அது தொடங்கும்போது சாதாரண எச்டிடிபி கோரிக்கைதான். அதில் "அப்கிரேட்: வெப்சாக்கெட்", "கனெக்‌ஷன்: அப்கிரேட்" என்று இரண்டு ஹெடர்கள் (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரிகள்) இருக்கும். எதிர்ப்பக்கம் ஒத்துக்கொண்டால் 101 என்ற நிலைக் குறியீட்டோடு பதில் சொல்லும். அந்த நொடியிலிருந்து அதே இணைப்பு இருபக்கமும் பேசும் திறந்த பாதையாகிவிடும்.

சிக்கல் என்னவென்றால் அந்த இரண்டு ஹெடர்களும் ஒரே ஓர் இணைப்புக்கு மட்டுமே செல்லுபடியாகும். டவுன் பஸ் டிக்கெட் மாதிரி: எடுத்த வண்டிக்குத்தான் செல்லும், இறங்கி அடுத்த வண்டி ஏறினால் புது டிக்கெட். பிரவுசரிலிருந்து என்ஜின்எக்ஸ் வரைக்கும் அந்த ஹெடர்கள் வருகின்றன. என்ஜின்எக்ஸிலிருந்து நோட்.ஜேஎஸுக்குப் போகும் கோரிக்கை வேறொன்று. நாம் சொல்லாவிட்டால் அதில் அவை இருக்காது. என்ஜின்எக்ஸ் 2013இல், 1.3.13 பதிப்பிலிருந்து வெப்சாக்கெட்டைக் கடத்திவிடும் திறனைப் பெற்றுவிட்டது. ஆனால் அது தானாக நடக்காது. அமைப்புக் கோப்பில் அந்த இடத்தில் அப்கிரேட் ஹெடரையும் கனெக்‌ஷன் ஹெடரையும் நாமே எழுத வேண்டும். பின்பக்க எச்டிடிபி பதிப்பு 1.1 என்றும் எழுதிவிட வேண்டும். வெகுகாலமாக என்ஜின்எக்ஸின் இயல்புநிலை 1.0ஆகத்தான் இருந்தது, 1.0இல் அப்கிரேட் கிடையாது.

இதைச் சோதிக்கவும் கர்ல் போதும். அப்கிரேட் ஹெடர்களை நாமே கொடுத்து, உங்கள் டொமைன் முகவரிக்கு அனுப்புங்கள். வெப்சாக்கெட்டுக்கு வேண்டிய பதிப்பு எண் 13ஐயும் ஒரு கீயையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 101 வந்து, அதற்குப் பின் கர்ல் எதுவும் சொல்லாமல் காத்து நின்றால் வெற்றி. ஒரு விஷயத்தில் கவனம்: எச்டிடிபிஎஸ் தளங்களோடு கர்ல் முடிந்தால் எச்டிடிபி 2இல் பேசப் பார்க்கும். அதில் இந்தப் பழைய அப்கிரேட் முறை இல்லை. எனவே 1.1இல்தான் பேச வேண்டும் என்று கர்லைக் கட்டாயப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒழுங்காக இருக்கும் பிராக்ஸியைப் பழுது என்று நினைத்து உட்கார்ந்திருப்போம்.

ஒரே பிழைச் செய்தி, மூன்று காரணங்கள்

இனி வருவதுதான் பலரைச் சுற்றவிடும் இடம். அப்கிரேட் ஹெடர்களைச் சரியாக எழுதியாகிவிட்டது. அப்படியும் 400 என்ற குறியீடும், "வெப்சாக்கெட் கோரிக்கையை எதிர்பார்த்தேன்" என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலமும் வருகின்றன. படித்தவுடன் அப்கிரேட்தான் இன்னும் சரியாகவில்லை என்று தோன்றும். ஆனால் நோட்.ஜேஎஸ் அதே ஒரு வரியை மூன்று வெவ்வேறு நிலைகளில் சொல்கிறது.

முதல் நிலை, அப்கிரேட் உண்மையிலேயே வழியில் தொலைந்துபோனது. இரண்டாவது, முகவரியின் கடைசியில் இருக்கும் அடையாள எண் தவறு. செயலி ஒவ்வொரு முறை மறுபடி தொடங்கும்போதும் அந்த எண் மாறிவிடும். கோப்பு மாறியவுடன் செயலியைத் தானே மறுபடி தொடங்கும் கருவி ஏதாவது வைத்திருந்தால், ஐந்து நிமிடம் முன்பு நகலெடுத்த முகவரி இப்போது செல்லாது.

மூன்றாவதுதான் கண்ணில் படாதது: ஹோஸ்ட் ஹெடர். இன்ஸ்பெக்டருக்கு வரும் கோரிக்கையில் ஹோஸ்ட் என்ற இடத்தில் ஒரு ஐபி முகவரியோ, அதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரோதான் இருக்கலாம். வேறு எந்த டொமைன் பெயர் இருந்தாலும் நோட்.ஜேஎஸ் மறுத்துவிடும். இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. டிஎன்எஸ் ரீபைண்டிங் என்று ஒரு தாக்குதல் உண்டு. நீங்கள் திறக்கும் ஏதோ ஓர் இணையப் பக்கம், தன் டொமைன் பெயரை நடுவில் 127.0.0.1 முகவரிக்கு மாற்றிக்காட்டி, உங்கள் கணினியில் ஓடும் டீபக்கரோடு உங்களுக்குத் தெரியாமலே பேசிவிட முடியும். நோட்.ஜேஎஸில் இந்த ஓட்டை 2018 மார்ச்சில் அடைக்கப்பட்டது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் பதிவு எண் சிவிஇ-2018-7160. அந்த அடைப்புதான் இந்த ஹோஸ்ட் சோதனை.

என்ஜின்எக்ஸில் எதுவுமே எழுதாமல் 127.0.0.1:9229 என்று ஐபியாகவே பின்முகவரியைக் கொடுத்தால், ஹோஸ்ட் ஹெடரிலும் அதுவே போகும், சோதனையில் தேறிவிடும். ஆனால் வெப் செயலிகளுக்கு எழுதும் அமைப்பில் "வந்த ஹோஸ்டை அப்படியே அனுப்பு" என்ற வரியைப் பழக்கத்தில் எல்லாரும் சேர்த்துவிடுகிறோம். செயலிக்கு அது தேவைதான். டீபக்கருக்கோ அதுவே தடை. பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸில் சர்வீஸின் பெயரைப் பின்முகவரியாகக் கொடுத்தாலும் இதே கதிதான், ஏனென்றால் அப்போது ஹோஸ்ட் ஹெடரில் அந்தப் பெயர் போகும். என்ஜின்எக்ஸில் அப்ஸ்ட்ரீம் தொகுதிக்கு, அதாவது பின்னால் இருக்கும் செயலிகளின் பட்டியலுக்கு, நாமே வைக்கும் பெயரும் அப்படியே. டீபக்கருக்கான இடத்தில் மட்டும் ஹோஸ்ட் ஹெடரை லோக்கல்ஹோஸ்ட் என்று தனியாக எழுதுங்கள்.

எழுதியவுடன் அடுத்த விளைவு வரும். "ஜேசன்/லிஸ்ட்" தரும் பதிலில் உள்ள வெப்சாக்கெட் முகவரியை நோட்.ஜேஎஸ் ஹோஸ்ட் ஹெடரைப் பார்த்துத்தான் எழுதுகிறது. நாம் லோக்கல்ஹோஸ்ட் என்று சொன்னதால் அது லோக்கல்ஹோஸ்ட் முகவரியையே தரும். டெவ்டூல்ஸ் அதை நம்பி உங்கள் சொந்தக் கணினியைப் போய்த் தட்டும். அங்கே யாரும் இல்லை. பட்டியலில் செயலி தெரிகிறது, சொடுக்கினால் மட்டும் இணையவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். டெவ்டூல்ஸின் முகவரியில் வெப்சாக்கெட் இடத்தை உங்கள் டொமைனோடு கையால் எழுதித் திறக்கலாம். எச்டிடிபிஎஸ் தளமாக இருந்தால் பாதுகாப்பான வெப்சாக்கெட்டைக் குறிக்கும் வடிவத்தில், அதாவது இரண்டு "எஸ்" உள்ள வடிவத்தில் எழுத வேண்டும்.

நோட்.ஜேஎஸுக்குப் பதிலாக, சர்வரில் திரையில்லாமல் ஓடும் குரோமையே 9222 போர்ட்டில் டீபக் செய்கிறீர்கள் என்றால் நிலைமை கொஞ்சம் தேவலை. அதிலும் ஹோஸ்ட் சோதனை உண்டு. ஆனால் 500 குறியீட்டோடு, ஹோஸ்ட் ஹெடர்தான் காரணம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும். கூடவே 2023இல் வந்த குரோம் 111இலிருந்து ஆரிஜின் ஹெடரையும் (கோரிக்கை எந்தத் தளத்தின் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்வது) பார்க்கிறது. பிரவுசர் பக்கம் ஒன்றிலிருந்து இணைந்து 403 வந்தால், எந்த ஆரிஜின்களை அனுமதிக்கலாம் என்று குரோமைத் தொடங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அறுபது விநாடிக் கணக்கு

இணைந்தாயிற்று. பிரேக்பாயிண்டில் நின்றும் ஆயிற்று. மாறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்து, நிரல் தானாக மேலே ஓடிவிடுகிறது. கைக்கடிகாரத்தைப் பாருங்கள், சுமார் ஒரு நிமிடத்தில் நடக்கிறதா?

என்ஜின்எக்ஸ் பின்பக்கத்திலிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் இணைப்பை மூடிவிடும். இதுதான் அதன் "பிராக்ஸி ரீட் டைம்அவுட்" அமைப்பின் இயல்பான மதிப்பு. கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் அமேசான் கிளவுடின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரிலும் சும்மா இருக்கும் இணைப்புக்கு இயல்பான வரம்பு அதே 60 விநாடிதான். டீபக்கர் பாதையில் மட்டும் இதை ஒரு மணி நேரமாக உயர்த்தலாம். என்ஜின்எக்ஸுக்கு முன்னால் இன்னொரு லோட் பேலன்சர் இருந்தால் அதிலும் உயர்த்த வேண்டும். எது சிறியதோ அதுதான் உண்மையான வரம்பு.

இதோடு முடிவதில்லை, ஏனென்றால் இங்கே இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. ஒன்று டீபக்கருடையது. மற்றொன்று நீங்கள் பிரேக்பாயிண்டைத் தொடுவதற்காக பிரவுசரிலிருந்து அனுப்பிய சாதாரணக் கோரிக்கை. அது நின்ற வரியில் மாட்டிக்கொண்டு பதில் இல்லாமல் காத்திருக்கிறது. அதற்கும் 60 விநாடிக் கணக்கு ஓடுகிறது. தாண்டியதும் என்ஜின்எக்ஸ் 504 என்று பிரவுசரிடம் சொல்லிவிடும். டீபக்கர் பாதையின் டைம்அவுட்டை உயர்த்தியும் 504 வருகிறதே என்று குழம்புபவர்கள் இந்த இரண்டாவது இணைப்பை மறந்துவிட்டார்கள்.

504 வெறும் பிழைப் பக்கமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பின்னால் இரண்டு மூன்று செயலிகள் இருக்கும்போது என்ஜின்எக்ஸ் அதோடு நிற்காது. டைம்அவுட் ஆன கெட் கோரிக்கையை (பக்கத்தைக் கேட்கும் வகை) அடுத்த செயலிக்கு அனுப்பிவிடும். இது அதன் இயல்பான நடத்தை. நீங்கள் ஒரு செயலியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் அதே கோரிக்கை இன்னொரு செயலியில் முழுதாக ஓடி முடிந்திருக்கும். தரவுத்தளத்தில் ஒரே பதிவு இரண்டு முறை வந்ததே என்று வழுவைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய திசைதிருப்பல் என்று எண்ணிப் பாருங்கள். தேடுகிற செயலே புது வழுவை உண்டாக்குகிறது. தரவை அனுப்பும் வகையான போஸ்ட் கோரிக்கைகளை இப்படி மறுபடி அனுப்புவதை 1.9.13 பதிப்பிலிருந்து என்ஜின்எக்ஸ் தவிர்க்கிறது; கெட் கோரிக்கைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதோடு, ஒருமுறை தவறிய செயலியை அடுத்த 10 விநாடிக்குப் பட்டியலிலிருந்து ஒதுக்கியும் வைக்கும்.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸில் இதைவிடக் கடுமை. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் லைவ்னெஸ் புரோப் இயல்பாக 10 விநாடிக்கு ஒருமுறை வரும். ஒரு விநாடிக்குள் பதில் வேண்டும். மூன்று முறை தவறினால் கன்டெய்னரையே கொன்று மறுபடி தொடங்கும். நோட்.ஜேஎஸில் ஒரு பிரேக்பாயிண்டில் நின்றால் அந்த ஒரு கோரிக்கை மட்டும் நிற்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் ஒரே இழை (த்ரெட்) முழுவதும் நிற்கிறது. புரோபுக்கும் பதில் போகாது. அரை நிமிடத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பிராசஸ் இருக்காது. டீபக் செய்யும் நேரத்துக்கு அந்த புரோபை எடுத்துவைப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. மற்ற பயனர்கள் வந்துகொண்டிருக்கும் சர்வரில் இதைச் செய்யக் கூடாது என்பதற்கும் காரணம் இதே: உங்கள் ஒரு பிரேக்பாயிண்டில் எல்லாருடைய பக்கமும் உறைந்துவிடும்.

பிரேக்பாயிண்ட் ஏன் தொடப்படவே இல்லை?

டீபக்கர் உறுதியாக இணைந்திருக்கிறது, ஆனாலும் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் கோரிக்கை வேறொரு பிராசஸுக்குப் போகிறது. லோட் பேலன்சரின் பின்னால் நான்கு பிரதிகள் இருந்து ஒன்றில் மட்டும் டீபக்கர் இருந்தால், முறைவைத்து அனுப்பும்போது நான்கில் ஒரு முறைதான் நிற்கும். எல்லாப் பிரதிகளிலும் டீபக்கர் இருந்து, பட்டியலை ஒரு பிரதியிடம் வாங்கி, வெப்சாக்கெட் இணைப்பு இன்னொரு பிரதிக்குப் போனாலும் அதே 400 வரும், ஏனென்றால் அடையாள எண் அங்கே இல்லை. பிரதிகளை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள். அது முடியாவிட்டால், குறிப்பிட்ட ஒரு ஹெடர் இருந்தால் குறிப்பிட்ட ஒரு பிரதிக்கு அனுப்பு என்று பிராக்ஸியில் எழுதலாம்.

இன்னொரு சாத்தியம், கோரிக்கை செயலி வரை வரவே இல்லை. பழைய பதில்களைச் சேமித்துவைக்கும் பிராக்ஸியின் கேஷ் பதில் சொல்லிவிட்டது. செயலியின் சொந்த லாகில் அந்தக் கோரிக்கை பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும். டைப்ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் சோர்ஸ் மேப் (ஓடும் நிரலை நாம் எழுதிய வரிகளோடு பொருத்தும் கோப்பு) பாதைகளையும் பாருங்கள். சர்வரில் கோப்புகள் வேறு அடைவில் இருப்பதால் பிரேக்பாயிண்ட் எதனோடும் பொருந்தாமல் சாம்பல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் பிராக்ஸிக்குப் பங்கே இல்லை.

எச்டிடிபி பேசாத டீபக்கர்கள்

ஜாவாவின் டீபக்கர், எச்டிடிபிக்கு அடியில் இருக்கும் வெறும் டிசிபி இணைப்பில் தன் சொந்த நெறிமுறையில் பேசும். இணைந்தவுடன் இருபக்கமும் 14 எழுத்து வாழ்த்துச் சொல் ஒன்றைப் பரிமாறிக்கொள்ளும், அவ்வளவுதான். அதில் ஹெடர் இல்லை, பாதை இல்லை. பைத்தானின் டீபக்பையும், பழக்கத்தில் 5678 போர்ட்டில், இப்படி நேரடி டிசிபிதான். என்ஜின்எக்ஸின் எச்டிடிபி பகுதியில் எவ்வளவு எழுதினாலும் இவை போகாது. என்ஜின்எக்ஸில் டிசிபியை அப்படியே கடத்தும் ஸ்ட்ரீம் பகுதி 2015இல் 1.9.0 பதிப்பில் வந்தது. வேண்டுமானால் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் நான் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பூட்டு எதுவும் இருக்காது.

எக்ஸ்டீபக்கின் தலைகீழ்ப் பாதை

எக்ஸ்டீபக் 3இல் பிஎச்பி உங்கள் எடிட்டரை 9003 போர்ட்டில் அழைக்கும். முந்தைய பதிப்புகளில் அது 9000ஆக இருந்தது. சர்வரில் பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் பயன்படுத்தும் போர்ட்டும் அதுவே என்பதால் மோதல் வந்துகொண்டே இருந்தது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து 9000 என்று எழுதுபவர்கள் இன்றும் உண்டு.

யாரை அழைப்பது என்று எக்ஸ்டீபக் எப்படி முடிவு செய்கிறது? இயல்பாக லோக்கல்ஹோஸ்டை. அது சர்வரையே குறிக்கும். "கோரிக்கை எங்கிருந்து வந்ததோ அங்கே அழை" என்று சொல்லும் அமைப்பும் உண்டு. அதைப் போட்டால் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரையும் (உண்மையில் கேட்டவரின் முகவரியைப் பிராக்ஸி எழுதும் இடம்), அது இல்லாவிட்டால் இணைந்தவரின் ஐபியையும் பார்க்கும். பிராக்ஸி அந்த ஹெடரைச் சேர்க்காவிட்டால், இணைந்தவர் என்பது பிராக்ஸிதான். எக்ஸ்டீபக் பிராக்ஸியையே அழைத்துக்கொண்டிருக்கும். ஹெடரைச் சேர்த்தாலும் அதில் இருப்பது உங்கள் வீட்டு ரவுட்டரின் பொது முகவரி. ரவுட்டர் உள்ளே விடாது. இந்த அமைப்பில் பாதுகாப்புச் சிக்கலும் இருக்கிறது. டீபக்கைத் தூண்டத் தெரிந்த யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வரைத் தன் எடிட்டரை அழைக்கவைக்க முடியும். பொதுவெளியில் உள்ள சர்வரில் அதைப் போடாதீர்கள்.

எக்ஸ்டீபக் லாகை இயக்கிப் பாருங்கள். எந்த முகவரியில் எந்தப் போர்ட்டை முயன்றேன், முடியவில்லை என்று அது தெளிவாக எழுதிவைக்கும். அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடும். லாகில் எதுவுமே இல்லையென்றால் டீபக் தூண்டப்படவே இல்லை. நடுவில் இருக்கும் கேஷ் ஏதாவது எக்ஸ்டீபக் குக்கீயை உரித்து எடுத்துவிடுகிறதா என்று பாருங்கள்.

பிராக்ஸியை விட்டு விலகும் வழி

இவ்வளவும் சொன்னபின் என் கருத்தைச் சொல்கிறேன். டீபக்கரை ரிவர்ஸ் பிராக்ஸி வழியாகக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. செயலியின் போக்குவரத்து பிராக்ஸி வழியாக வரட்டும். டீபக்கருக்குத் தனிப் பாதை போடுங்கள். எஸ்எஸ்எச் டனல், அதாவது சர்வரில் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச் இணைப்புக்குள் போடும் தனிப் பாதை, அதற்கென்றே அமைந்தது. எஸ்எஸ்எச்சில் "எல்" விருப்பத்தோடு 9229:127.0.0.1:9229 என்று கொடுத்து சர்வரில் நுழைந்தால், உங்கள் கணினியின் 9229 போர்ட் நேரே சர்வருக்குள் திறக்கும். குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கம் லோக்கல்ஹோஸ்ட் 9229ஐத் தானாகவே தேடிப்பார்க்கும். ஹோஸ்ட் ஹெடர் லோக்கல்ஹோஸ்ட்தான், அதனால் சோதனை தேறும். வெப்சாக்கெட் முகவரியும் லோக்கல்ஹோஸ்ட்தான், அதுவும் பொருந்தும். அப்கிரேட் ஹெடரைத் தொலைக்க நடுவில் யாரும் இல்லை. ஜாவாவும் பைத்தானும் இதே வழியில் போகும், ஏனென்றால் டனலுக்கு நெறிமுறை பற்றிக் கவலையில்லை. எக்ஸ்டீபக்குக்குத் திசை தலைகீழ் என்பதால் "ஆர்" விருப்பத்தோடு 9003ஐத் திருப்பிப் போட வேண்டும். பிஎச்பி தன் லோக்கல்ஹோஸ்டை அழைக்கும், அது உங்கள் எடிட்டரில் வந்து விழும். குபெர்னெட்டீஸில் போர்ட்-ஃபார்வர்ட் கட்டளை இதே வேலையைச் செய்கிறது.

டனல் போட்டாலும் செயலிக் கோரிக்கையின் 60 விநாடி, லைவ்னெஸ் புரோப், பல பிரதிகள் ஆகிய மூன்றும் அப்படியேதான் இருக்கும். அவை செயலியின் பாதையில் இருப்பவை.

டனலை நான் வற்புறுத்துவதற்குப் பெரிய காரணம் வசதி அல்ல. டீபக்கர் இணைப்புக் கிடைத்தவர் அந்த பிராசஸுக்குள் எந்த நிரலையும் ஓட்ட முடியும். கோப்புகளைப் படிக்கலாம், தரவுத்தளக் கடவுச்சொல்லை எடுக்கலாம். நோட்.ஜேஎஸ் இன்ஸ்பெக்டரில் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஹோஸ்ட் ஹெடரைப் பிராக்ஸியில் லோக்கல்ஹோஸ்ட் என்று மாற்றி எழுதும்போது, அதனிடம் இருந்த ஒரே காவலையும் நாமே நீக்கிவிடுகிறோம். டனல் போடவே முடியாத சூழலில் பிராக்ஸி வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால், அந்தப் பாதைக்கு முன்னால் ஐபி கட்டுப்பாடும் லாகினும் வைத்தபிறகே திறவுங்கள்.

வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்ட் விருப்பத்தை நீக்கிச் செயலியை மறுபடி தொடங்குங்கள். என்ஜின்எக்ஸில் சேர்த்த பகுதியையும் எடுத்துவிடுங்கள். யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பி, ஓடிக்கொண்டிருந்த நோட்.ஜேஎஸில் இன்ஸ்பெக்டரை நடுவில் இயக்கியிருந்தால், தொடங்கும் கட்டளையில் அதன் சுவடே இருக்காது. டெவ்டூல்ஸை மூடினாலும் போர்ட் திறந்தேதான் இருக்கும். சர்வரில் எந்தெந்தப் போர்ட்கள் காத்திருக்கின்றன என்ற பட்டியலை எடுத்து, 9229 அதில் இல்லை என்று கண்ணால் பார்த்தபின் வெளியே வாருங்கள்.